பூனை மணலைத் திருடிய ஆள்

வாசலில் ஒரு புது செல்போன் பார்சலும் ஒரு மூட்டை பூனை மணலும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. திருடன் வருகிறான். போனை விட்டுவிட்டு மணலைத் தூக்கிக்கொண்டு போகிறான்.

"ஒண்ணு அந்தத் திருடனுக்கு மூளை இல்ல. இல்லேன்னா வால் இருக்கு," என்றேன்.

அண்ணி சிரிக்கவில்லை. எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த பெண்ணும் சிரிக்கவில்லை. மடியில் ஹெல்மெட்டை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பார்சல் டெலிவரி செய்கிறவள். அவள் போகிற தெருக்களில் எல்லோரும் அவளைப் பார்சலம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அண்ணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணனுக்கு மனைவியாக வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் தொலைந்த சாவி, கண்ணாடி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துக் கொடுத்தவர். இதையே தொழிலாகச் செய்யலாமே என்று வாயைக் கொடுத்தவன் நான். அதன் பலனாக, ஒரு சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்து அவர் துப்பறிகிறார், நான் பின்னால் பை தூக்குகிறேன். கீழே இஸ்திரி ஓடும்போதெல்லாம் எங்கள் தரை சுடும். வருகிறவர்கள் அதிக நேரம் கதை அளக்காமல் விஷயத்துக்கு வருவதற்கு அதுவே காரணம்.

பார்சலம்மாவும் நேராக விஷயத்துக்கு வந்தாள். அவள் பார்சல் கொடுக்கிற ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில், வாசலில் வைத்துவிட்டு வருகிற பார்சல்கள் காணாமல் போகின்றன. மேல்மாடி பல் டாக்டர் வாங்கிய டாய்லெட் மூடி போயிற்று. ஒரு வீட்டுக்குக் குழந்தைகளுக்கென்று வந்த தடித்தடிப் புத்தகங்கள் போயின. கடைசியாகப் பூனை வளர்க்கிற ஒரு டீச்சர் வீட்டு மணல். பூனை காலைக்கடன் முடிக்கத் தட்டில் கொட்டி வைப்பார்களே, அந்த மணல். இத்தனைக்கும் அன்றைக்கு அதன் பக்கத்திலேயே எதிர்வீட்டுக்காரரின் செல்போன் பெட்டி, மேலே போன் படத்தோடு, கேட்பாரில்லாமல் கிடந்திருக்கிறது.

"கேட்ல கேமரா இருக்குங்க. அதுல பார்சலோட உள்ள போறதும் நான்தான், பெட்டியோட வெளிய வர்றதும் நான்தான். வேற யாரும் பெட்டி தூக்கிட்டு வெளிய போகல. அதனால நான்தான் எடுக்கிறேன்னு செக்ரட்டரி சொல்றாரு. இன்னைக்குச் சாயங்காலம் மீட்டிங் போட்டு, என்னை மாத்தச் சொல்லி கம்பெனிக்குப் புகார் குடுக்கப் போறாங்க."

மாற்றினால் என்ன ஆகும் என்று அண்ணி கேட்டார்.

"மறுபடி குடோன்ல ராத்திரி வேலைதான். எம்பொண்ணு தூங்கினப்புறம் கிளம்பி, அவ ஸ்கூலுக்குப் போனப்புறம் வீட்டுக்கு வருவேன். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு அவளுக்குச் சீட்டு எழுதி வெச்சுட்டுப் போவேங்க. இந்த ரூட் கிடைச்சப்புறம்தான் அவ பேசுற சத்தமே கேக்குறேன்."

ஹெல்மெட்டின் பட்டையை மடக்கினாள், நீட்டினாள். வால் ஜோக்கைத் திரும்பப் பெற முடியுமா என்று பார்த்தேன், முடியவில்லை. அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

பஸ்ஸில் போகிற வழியெல்லாம் என் மூளை வேலை செய்தது. பூனை மணலைத் திருடுகிறவன் வீட்டில் பூனை இருக்கும். ஆகவே, கட்டடத்தில் இரண்டாவது பூனை யார் வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்தால் வழக்கு முடிந்தது. அண்ணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தப் பூனை டாய்லெட் மூடியை என்ன செய்யும் என்று மட்டும் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பூனை டீச்சர் கணக்கு சொல்லித் தருகிறவர். வீட்டில் இருக்கிற இரண்டு சோபாவும் பூனைக்கு, இரண்டு மடக்கு நாற்காலி மனிதர்களுக்கு. கட்டடத்தில் வேறு பூனையே கிடையாது என்று முதல் வாக்கியத்திலேயே என் வழக்கை மூடினார். பார்சலம்மா மேல் அவருக்குச் சந்தேகம் இல்லையாம். ஆனால் கேமராவை எப்படி இல்லை என்பது என்று கையைப் பிசைந்தார்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அடித்தது என்பது நாகரிகமான சொல். நான் போனை எடுப்பதே இல்லை என்று என் மனைவி கோபித்துக்கொண்டு, தன் குரலையே அதில் மணிச்சத்தமாகப் பதிந்து வைத்திருக்கிறாள். அதை மாற்றும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

"ஏங்க, எங்க இருக்கீங்க? போனை எடுங்க. எடுக்கலைன்னா வீட்டுக்கு வராதீங்க."

பூனை ஒரே தாவலாகக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தது. டீச்சர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். அண்ணி என் கையிலிருந்து போனை வாங்கி, தன் ஓரகத்தியிடம் அன்பாக நாலு வார்த்தை பேசிவிட்டு, அதைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். இது என்னிடமே இருக்கட்டும் என்றார். பூனைக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்தது செக்ரட்டரி. தொழிலில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். சட்டைப் பையில் மூன்று நிறப் பேனாக்கள், முகத்தில் ஒரே நிறச் சிரிப்பு. மாடி மாடியாக ஏறி இறங்கி விளக்கு எரிகிறதா, குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கிறவர் அவர்தானாம். இந்தத் திருட்டால் தனக்குத் தூக்கமே போய்விட்டது என்றார். எங்களுக்கென்று பளபளக்கும் ஒரு மெஷினில் பொத்தானைத் தட்டினார். நுரை ததும்பக் காபி வந்தது. பொய் சொல்வானேன், அப்படியொரு காபியை நான் குடித்ததில்லை. தரையில் ஆமை மாதிரி ஒரு மெஷின் தானாகவே தூசி உறிஞ்சிக்கொண்டு போயிற்று.

நான் அந்த ஆமைக்கு வழி விடப்போய், சோபாவுக்கு அடியிலிருந்து வந்த ஒரு ஒயரில் கால் இடறினேன். சோபா ஒரு நொடி 'கர்ர்' என்றது. செக்ரட்டரி சட்டென்று குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். பழைய சமாச்சாரம், சும்மா கிடக்கிறது என்றார்.

அண்ணி அதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. தலையை அண்ணாந்து பரணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அட்டைப்பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. இஸ்திரிப் பெட்டி வந்த அட்டை, டேபிள் ஃபேன் வந்த அட்டை, நான் பள்ளிக்கூடம் போன காலத்து ரேடியோ வந்த அட்டை. ஒவ்வொன்றையும் சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்.

"ஒண்ணையும் தூக்கிப் போட மாட்டீங்க போல," என்றார் அண்ணி.

செக்ரட்டரிக்குப் பெருமை பிடிபடவில்லை. "பெட்டியைத் தூக்கிப் போடுறவன் வாரண்டியைத் தூக்கிப் போடுறான் மேடம். இந்த வீட்டுக்குள்ள வந்த ஒரு அட்டையும் இதுவரைக்கும் குப்பைக்குப் போனதில்ல."

அண்ணி இன்னொரு தரம் பரணைப் பார்த்தார், காபி நன்றாக இருந்தது என்றார், எழுந்தார். திருட்டைப் பற்றி ஒரு கேள்விகூட கேட்கவில்லை. வெளியே வந்ததும் நான் பொருமினேன். அந்தப் பெண்ணின் பிழைப்பு சாயங்காலத்தோடு போகப்போகிறது, நாம் பரணையும் காபியையும் பாராட்டிக்கொண்டிருக்கிறோம் என்றேன். அண்ணி, மாடிப்படியில் காத்துக்கொண்டிருந்த பார்சலம்மாவைத் தனியாக அழைத்துக் கொஞ்ச நேரம் கிசுகிசுத்தார். அவள் தன் போனைத் தட்டித் தட்டி எதையோ காட்டினாள். அண்ணியின் முகம் தொலைந்த சாவியைக் கண்ணால் பார்த்துவிட்ட முகமாக ஆயிற்று.

"கொழுந்தனாரே, அஞ்சு கிலோ பூனை மணல் வாங்கிட்டு வாங்க."

"எதுக்கு அண்ணி?"

"தூண்டிலுக்கு."

மீன் பிடிக்கப் புழு மாட்டுவார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். மணல் மாட்டுவதை அன்றைக்குத்தான் கேட்டேன். வாங்கி, தோளில் போட்டு, மூச்சிரைக்கத் தூக்கி வந்தேன். அண்ணி டீச்சர் வீட்டு அடுக்களைக்குள் மூட்டையோடு போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பி வரும்போது அது அட்டைப்பெட்டிக்குள் இருந்தது, மேலே டீச்சரின் விலாசம். பார்சலம்மா அதை முறைப்படி டீச்சர் வாசலில் வைத்து, முறைப்படி ஒரு போட்டோ எடுத்தாள்.

நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். மொட்டைமாடிப் படிக்கட்டின் திருப்பத்தில் பதுங்கினால் வாசல் நன்றாகத் தெரியும். திருடன் வருவான், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். இடமெல்லாம் பார்த்து வைத்துவிட்டேன்.

"வேணாம். வாங்க, ஜூஸ் குடிக்கலாம்," என்றார் அண்ணி.

"அப்ப யாரு எடுக்கிறாங்கன்னு எப்படித் தெரியும்?"

"அதுவே வந்து சொல்லும்."

தெருமுனைக் கடையில் நான் ஜூஸைக் குடித்த விதத்தைப் பார்த்தவர்கள் அது கஷாயம் என்று நினைத்திருப்பார்கள். என் போனையாவது கொடுங்கள், நேரம் போகும் என்று கேட்டேன். அண்ணி கைப்பையைத் திறந்துகூடப் பார்க்காமல், இப்போது தர முடியாது என்று சொல்லிவிட்டார். திரும்பிப் போனபோது டீச்சர் வாசல் துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது. பெட்டி போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. அண்ணி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

மீட்டிங் கீழ்த்தளத்தில், சைக்கிள்கள் நிறுத்துகிற கூடத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பல் டாக்டர் முன்வரிசையில், டாய்லெட் மூடியை இழந்த துக்கத்தோடு. டீச்சர் ஓரத்தில். பார்சலம்மா உட்காராமல் சுவரோடு நின்றாள். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை.

செக்ரட்டரி பேசினார். மனித நேயம் வேறு, பாதுகாப்பு வேறு என்றார். யார் மேலும் பழி போடுவது தன் நோக்கமில்லை, ஆனால் கேமரா பொய் சொல்லாது என்றார். இந்த டெலிவரிப் பெண் இனி வேண்டாம், வேறு ஆள் அனுப்பும்படி கம்பெனிக்கு எழுதப் போவதாகச் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள். சிலர் செருப்பைப் பார்த்தார்கள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பேசி முடித்துவிட்டு, நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். கால் பிடித்துவிடும் மெஷினின் படம் போட்ட பெட்டி, கம்பெனி டேப் ஒட்டி, கச்சிதமாக.

"இதையும் எடுத்துட்டுப் போயிடும்மா. வேலை செய்யல, ரிட்டர்ன் போட்டிருக்கேன். உன் கையால கடைசி வேலையா இருக்கட்டும்."

என்ன நெஞ்சழுத்தம் என்று பல்லைக் கடித்தேன். பார்சலம்மா பையிலிருந்து கொக்கித் தராசை எடுத்து, பெட்டியைச் சுற்றிய கயிற்றில் மாட்டித் தூக்கினாள். முள் நின்ற இடத்தைத் தன் போனில் இருப்பதோடு ஒப்பிட்டாள். ரிட்டர்ன் எடுக்க வருகிறவர்கள் டேப் ஒட்டிய பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. திறக்கக் கூடாது என்பது விதி. எடை பார்ப்பார்கள், ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், கிளம்பிவிடுவார்கள்.

"எடை சரியா இருக்கு," என்றாள்.

"ஒரு நிமிஷம்," என்றார் அண்ணி. "சார், இந்தப் பெட்டியில என்ன இருக்கு?"

"படமே போட்டிருக்கே மேடம். கால் பிடிச்சு விடுற மெஷின்."

"பேசுமா?"

"என்னது?"

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தார். கூடத்தில் எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். நான் மட்டும், காரணம் தெரியாமலே, பெட்டியைப் பார்த்தேன். அப்போது பெட்டி பேசியது.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

அடங்கின குரல்தான். ஆனால் எந்த மூட்டைக்குள் போட்டுக் கட்டினாலும் எனக்குத் தெரியாமல் போகாத குரல். அனிச்சையாக எழுந்து நின்றுவிட்டேன். "போனை எடுங்க," என்றது பெட்டி. "எடுக்கலைன்னா வீட்டுக்கு வராதீங்க." திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது. செக்ரட்டரியின் முகத்தில் ஈயாடவில்லை.

பல் டாக்டர்தான் முதலில் எழுந்து போய் டேப்பைக் கிழித்தார். உள்ளே அஞ்சு கிலோ பூனை மணல், இடம் நிரப்பப் பழைய பேப்பர். மூட்டையின் வாயைப் பிரித்து அண்ணி கையை விட்டார். மணல் உதிர உதிர என் போன் வெளியே வந்தது. எல்லோரும் அதிர்ச்சியில் இருந்தார்கள் என்றாலும், என் அதிர்ச்சி தனி ரகம்.

அண்ணி நிதானமாகச் சொன்னார். இந்தத் திருடருக்குப் பார்சலுக்குள் என்ன இருக்கிறது என்பதே முக்கியமில்லை. அவருக்கு வேண்டியது எடை. புதிதாக ஒரு மெஷின் வாங்குவார். பிடிக்கவில்லை என்று ரிட்டர்ன் போடுவார். மெஷினை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, அதன் பெட்டிக்குள் அடுத்தவர் வாசலில் கிடக்கிற ஏதாவது கனமான சாமானை வைத்து ஒட்டிக் கொடுப்பார். கொடுத்த பணம் திரும்பி வந்துவிடும். சின்னப் பெட்டியில் வந்த செல்போனை எடுத்து என்ன செய்வார், அது கனக்காதே. டாக்டரின் டாய்லெட் மூடி காபி மெஷினாகப் போயிருக்கிறது. குழந்தைகளின் புத்தகம் தூசி உறிஞ்சும் ஆமையாகப் போயிருக்கிறது. டீச்சரின் முதல் மூட்டை மணலும் இப்படித்தான் ஏதோ ஒரு மெஷினாகப் போயிருக்கும். காபி மெஷினையும் ஆமையையும் இவர் திருப்பிக் கொடுத்ததாகவும், இன்றைக்கு அஞ்சு கிலோ கால் மெஷின் ஒன்றை ரிட்டர்ன் எடுக்க வேண்டும் என்றும் பார்சலம்மா தன் போனைப் பார்த்துச் சொன்னாள். இன்றைக்குக் காலையில் அந்தக் காபி மெஷினில்தான் நாங்கள் காபி குடித்தோம்.

"உங்க வீட்டுக்கு வந்த ஒரு அட்டையும் குப்பைக்குப் போனதில்லைன்னு நீங்கதான் சார் சொன்னீங்க. ரேடியோ பெட்டி இருக்கு, ஃபேன் பெட்டி இருக்கு. காபி மெஷின் பெட்டி மட்டும் ஏன் பரண்ல இல்ல?"

அவர் மூன்று பேனாக்களையும் மாறி மாறித் தொட்டார்.

டீச்சர் கேமராவைப் பற்றிக் கேட்டார்.

"கேமரா பொய் சொல்லல டீச்சர். திருட்டுப்போன சாமான் எல்லாத்தையும் இந்தக் கேட்டைத் தாண்டிக் கொண்டு போனது பார்சலம்மாதான். எடை பாத்து, ஸ்டிக்கர் ஒட்டி, தன் கையாலேயே."

சுவரோரம் நின்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரோ அவசரமாக நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார்கள். ஒன்றுமே செய்யாமல் திருடி என்ற பட்டம் வாங்கியவளுக்கு, திருட்டுச் சாமானைத் தானேதான் சுமந்தோம் என்று தெரிந்தால் எப்படி இருக்கும். அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் அவள் முன்னால் போய் நின்று, தானும் தலையாட்டினதாகவும் அதற்காக வெட்கப்படுவதாகவும் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். தலையாட்டிய மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். புகார் கம்பெனிக்குப் போகும், ஆனால் அதில் வேறு ஆளைப் பற்றி எழுதியிருக்கும் என்று டீச்சர் அறிவித்தார். செக்ரட்டரி பதவிக்கும் வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள்.

பார்சலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நேராகச் செக்ரட்டரியிடம் போனாள்.

"ரிட்டர்ன் இன்னும் என் கைக்கு வரல சார். மெஷினைக் கொண்டாங்க."

அவர் மேலே போனார். கால் பிடித்துவிடும் மெஷினைத் துண்டு சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். சோபாவுக்கு அடியில் 'கர்ர்' என்றது இதுதான். வேலை செய்யவில்லை என்று சொன்ன சாமானைச் சைக்கிள் கூடத்துச் சுவர் பிளக்கில் அவள் சொருகினாள். அது அருமையாக ஓடியது. விதியில் இருக்கிறதோ இல்லையோ, இனிமேல் இந்த வீட்டில் திறந்து பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன் என்றாள். நிறுத்தி, பெட்டிக்குள் வைத்து ஒட்டி, பழக்க தோஷத்தில் கொக்கித் தராசில் மாட்டினாள். முள் பூனை மணலுக்கு நின்ற அதே இடத்தில் நின்றது. அன்றைக்கு முதன்முதலாக அவள் சிரித்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். டீச்சருக்கும் தொற்றிக்கொண்டது.

இதற்குள் என் கையிலிருந்த போன் மறுபடி கூப்பிட்டது. அண்ணி சொன்ன நேரத்துக்கு அடித்தது முதல் தடவை. இது சொந்தக் காரணத்துக்காக. காதில் வைத்ததும் மணல் கொட்டியது. எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று கேட்டாள் என் மனைவி. பூனை மணலுக்குள் இருந்தேன் என்று உண்மையைச் சொன்னேன். அண்ணியிடம் போனைக் கொடுங்கள் என்றாள். உண்மைக்கு எங்கள் வீட்டில் அவ்வளவுதான் மரியாதை.

பார்சலம்மா பெட்டியை வண்டியில் ஏற்றிக் கட்டினாள். பக்கத்துத் தெருவில் பள்ளிக்கூடம் விட்டிருந்தது, பிள்ளைகளின் இரைச்சல் இங்கே வரைக்கும் கேட்டது. அவள் அந்தப் பக்கம் ஒரு தரம் காதைக் கொடுத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டினாள். கேட்டருகே நின்று, மேலே இருந்த கேமராவை நன்றாக அண்ணாந்து பார்த்தாள். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்.

"நாளைக்கு வர்றேன்."